கணக்குப்பிள்ளை கோபால்!

அறுபது வயதைத் தாண்டியும் ஓய்வு பெறாத அதிசய மொழி

"கோபால்" என்று சொன்னால் நம் ஊரில் யாருக்கும் ஒரு மனிதரின் முகம்தான் நினைவுக்கு வரும். சேலம் மாவட்டம் மேச்சேரியில் தேடினால் தெருவுக்கு ஒரு கோபால் கிடைப்பார்.

இந்தக் கோபால் வேறு. இது ஒரு மொழி. கம்ப்யூட்டருக்குக் கட்டளை இடுவதற்காக உண்டாக்கப்பட்ட மொழி.

பிறந்த ஊர், அமெரிக்கா. பிறந்த ஆண்டு, 1959. செய்யும் தொழில், கணக்கு எழுதுவது.

சம்பளக் கணக்கு, வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ் கணக்கு, பென்ஷன் கணக்கு ஆகிய எல்லாவற்றுக்கும் உலகின் பெரிய நாடுகள் இந்தக் கோபாலைத்தான் நம்பின. இன்றும் பல இடங்களில் நம்பிக்கொண்டு இருக்கின்றன.

ஐந்து ஆங்கில எழுத்துக்கள் சேர்ந்ததுதான் இந்தப் பெயர். "வியாபார வேலைகளுக்கான பொது மொழி" என்பது அதன் பொருள்.

எந்திரத்துக்கு மொழி எதற்கு?

கம்ப்யூட்டருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. மின்சாரம் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டுமே தெரியும். இருந்தால் 1. இல்லாவிட்டால் 0.

ஆகவே, ஆரம்ப காலத்தில் கம்ப்யூட்டரிடம் வேலை வாங்க விரும்பியவர்கள் எல்லாக் கட்டளைகளையும் எண்களாகவே எழுதினார்கள். "இதையும் அதையும் கூட்டு" என்று சொல்ல ஒரு எண். "இதை எடுத்து அங்கே வை" என்று சொல்ல இன்னொரு எண். ஒரு எண் மாறினால் போதும், வேலை கெட்டுவிடும்.

அந்த எண்களும் எந்திரத்துக்கு எந்திரம் மாறும். ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்காக எழுதியது, வேறு கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு விளங்காது.

ஊருக்கு ஒரு படி

இந்தத் தொல்லை எப்படிப்பட்டது என்பது நம் நாட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகப் புரியும்.

ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் அளவு வேறு. ஓர் ஊரில் படி. இன்னோர் ஊரில் வள்ளம். பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு ஒன்றாக இருக்காது. சந்தை மாறினால் கணக்கை முதலில் இருந்து போடவேண்டும்.

1956-ம் ஆண்டில் எடை, அளவுச் சட்டம் வந்தது. நாடு முழுவதும் கிலோவும் லிட்டரும் பரவின. 1957 ஏப்ரல் 1-ந்தேதி அணா போய் நயா பைசா வந்தது. 16 அணா ஒரு ரூபாய் என்பது, 100 நயா பைசா ஒரு ரூபாய் என்று ஆயிற்று. சந்தைக் கணக்கு எளிதாயிற்று.

கம்ப்யூட்டர் உலகிலும் இப்படி ஒரு பொது அளவு தேவைப்பட்டது.

1950-களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு கணக்கு எடுத்தார்கள். ஒரு கம்ப்யூட்டர் நிலையத்துக்குக் கட்டளைகள் எழுதவே சராசரியாக 8 லட்சம் டாலர் செலவாயிற்று. பழைய எந்திரத்தை மாற்றிப் புதிய எந்திரம் வாங்கினால், அந்தக் கட்டளைகளை மாற்றி எழுத மேலும் 6 லட்சம் டாலர்!

அமெரிக்க ராணுவ இலாகாவிடம் அப்போது 225 கம்ப்யூட்டர்கள் இருந்தன. மேலும் 175 வாங்க ஏற்பாடு ஆகியிருந்தது. எந்திரம் மாறும்போதெல்லாம் இப்படிச் செலவு செய்தால் கஜானா தாங்குமா?

கணக்கு ஆசிரியை

இந்த இடத்தில் ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் பெயர் கிரேஸ் ஹாப்பர்.

1906-ம் ஆண்டில் பிறந்தவர். கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்று, பெண்கள் கல்லூரியில் கணக்கு ஆசிரியையாக இருந்தார். இரண்டாம் உலகப் போர் வந்தது. 37-வது வயதில் கடற்படையில் சேர்ந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த "மார்க் 1" என்ற பிரமாண்டமான கணக்கு எந்திரத்தில் வேலை செய்ய அவரை அனுப்பினார்கள்.

போருக்குப் பிறகு "யூனிவாக்" கம்ப்யூட்டர் செய்யும் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது.

"மனிதர்கள் ஏன் எந்திரத்தின் எண்களைப் படிக்கவேண்டும்? மனிதர்கள் தங்களுக்குத் தெரிந்த சொற்களில் எழுதட்டும். அதை எண்களாக மாற்றும் வேலையை எந்திரமே செய்யட்டும்!"

கேட்டவர்கள் சிரித்தார்கள். கம்ப்யூட்டர் கணக்குத்தான் போடும். மற்ற வேலை எதுவும் தெரியாது என்றார்கள்.

ஹாப்பர் அம்மையார் விடவில்லை. 1952-ம் ஆண்டில், கட்டளைகளைத் தானே திரட்டிக் கோர்க்கும் ஒரு முறையை எந்திரத்தில் ஓட்டிக்காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளை எழுதும் "புளோ-மேட்டிக்" என்ற மொழியை அவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள்.

பிரெஞ்சு பேசிய கம்ப்யூட்டர்

அந்த நாட்களில் நடந்த ஒரு வேடிக்கையை அம்மையார் பிற்காலத்தில் சொல்வது உண்டு.

மேலதிகாரிகளுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக ஒரு சிறு கட்டளைத் தொகுப்பை ஆங்கிலத்தில் எழுதி ஓட்டிக்காட்டினார். பிறகு அதே கட்டளைகளைப் பிரெஞ்சு மொழியில் எழுதினார். அதுவும் ஓடியது. ஜெர்மன் மொழியிலும் எழுதினார். அதுவும் ஓடியது.

அதிகாரிகள் மகிழவில்லை. திடுக்கிட்டார்கள்! அமெரிக்காவில் செய்த கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். "இனிமேல் ஆங்கிலம் மட்டும்தான்" என்று வாக்குக் கொடுத்த பிறகே அம்மையாரின் வேலை தொடர்ந்து நடந்தது.

இந்த வேடிக்கையில் ஓர் உண்மை இருக்கிறது. எந்திரத்துக்கு எல்லா மொழியும் ஒன்றுதான். "ஆட்" என்று எழுதினாலும் "கூட்டு" என்று எழுதினாலும் அது ஒரே எண்ணாகத்தான் மாறும். எந்தச் சொல் எந்த எண்ணுக்கு என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும்.

தமிழிலும் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். முத்து அண்ணாமலை என்பவர் உருவாக்கிய "எழில்" என்ற மொழியில் கட்டளைகள் எல்லாம் தமிழ்ச் சொற்களே. பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் பழகுவதற்காக ஏற்பட்ட மொழி அது.

பென்டகன் கூட்டம்

1959 ஏப்ரல் மாதம். மேரி ஹாஸ் என்ற பெண்மணி ஒரு யோசனை சொன்னார். இவர் "பரோஸ்" கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். "எல்லாக் கம்பெனி எந்திரங்களுக்கும் பொதுவாக ஒரு வியாபார மொழி வேண்டும்" என்பது அவர் யோசனை.

அதன் பலனாக மே மாதம் 28, 29-ந்தேதிகளில் அமெரிக்க ராணுவத் தலைமை நிலையமான பென்டகனில் கூட்டம் நடந்தது. ராணுவ இலாகாவைச் சேர்ந்த சார்லஸ் பிலிப்ஸ் தலைமை தாங்கினார். ஒருவரோடு ஒருவர் போட்டி போடும் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் பிரதிநிதிகள் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

குழுக்கள் அமைக்கப்பட்டன. கடைசியில் மொழியை எழுதி முடிக்கும் பொறுப்பு 6 பேர் கொண்ட ஒரு சிறு குழுவிடம் வந்தது. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் பெண்கள். ஜீன் சாமெட் ஒருவர். ஜெர்ட்ரூட் டியர்னி மற்றொருவர்.

ஹாப்பர் அம்மையார் அந்தச் சிறு குழுவில் இல்லை. ஆனால், அவருடைய புளோ-மேட்டிக்தான் புதிய மொழிக்கு அஸ்திவாரம் ஆயிற்று. அதனால் அவரைக் "கோபாலின் பாட்டி" என்று அழைத்தார்கள்.

கல்லறைமேல் ஆட்டுக்குட்டி

வேலை நடக்கும்போதே, "இது உருப்படாது" என்று பலர் பேசினார்கள். குழு போட்டுச் செய்த காரியம் எது உருப்பட்டது என்றார்கள்.

6 பேரில் ஒருவரான ஹோவர்டு பிராம்பெர்க், தாமதத்தைக் கண்டு பொறுமை இழந்தார். நேரே கல்லறைக் கல் செதுக்கும் கடைக்குப் போனார். வெள்ளைப் பளிங்கில் ஒரு சிறிய கல் வாங்கினார். அதில் "கோபால்" என்று பொறிக்கச் சொன்னார்.

"இது என்ன பெயர்?" என்று கடைக்காரர் கேட்டார். "போலந்து நாட்டுப் பெயர். நீளமாக இருந்தது, சுருக்கிவிட்டோம்" என்றார் பிராம்பெர்க்!

அந்தக் கல்லின்மேல் ஓர் ஆட்டுக்குட்டி படுத்திருப்பதைப்போலச் செதுக்கி இருந்தது. கல்லைப் பெட்டியில் வைத்து, கூட்டத் தலைவர் பிலிப்சுக்கே அனுப்பிவைத்தார்.

மேச்சேரிக்காரர்கள் இந்தக் கதையைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆடு என்றால் அவர்களுக்குச் சாவின் அடையாளம் அல்ல. சோறு போடும் செல்வம். மேச்சேரி ஆடு என்றே ஓர் இனம் உண்டு. செம்பழுப்பு நிறம், கிடாவுக்கும் கொம்பு கிடையாது. இறைச்சிக்கும் நல்ல தோலுக்கும் பெயர் பெற்றது. பக்கத்தில் பொட்டனேரியில் இந்த ஆட்டுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது.

ஆட்டுக்குட்டியின் ராசியோ என்னவோ, கோபால் சாகவில்லை. 1960 ஏப்ரலில் மொழியின் முதல் அறிக்கை தயாராயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 6, 7-ந்தேதிகளில் பெரிய சோதனை நடந்தது. ஒரே கட்டளைத் தொகுப்பை, சிற்சில மாறுதல்களோடு, "ஆர்.சி.ஏ. 501" என்ற எந்திரத்திலும் "யூனிவாக் 2" என்ற எந்திரத்திலும் ஓட்டினார்கள். இரண்டும் வெவ்வேறு கம்பெனி எந்திரங்கள். இரண்டிலும் ஓடியது!

அந்தக் கல்லறைக் கல் இப்போது அமெரிக்காவில், கம்ப்யூட்டர் வரலாற்றுக் காட்சிச் சாலையில் இருக்கிறது.

கிரயப் பத்திரம் போல

கோபாலில் எழுதுவது எப்படி?

வீடோ நிலமோ வாங்கியவர்கள் கிரயப் பத்திரத்தைப் பார்த்திருப்பார்கள். அதில் நான்கு விஷயங்கள் முக்கியம். எழுதிக் கொடுப்பவர் யார், எந்த ஊர்ப் பதிவு அலுவலகம், சொத்து விவரம், என்ன நிபந்தனை என்று வரிசையாக வரும்.

கோபாலும் அதேபோல நான்கு பிரிவு கொண்டது.

முதல் பிரிவில், இந்தத் தொகுப்பின் பெயர் என்ன என்பது இருக்கும்.

இரண்டாவது பிரிவில், எந்தக் கம்ப்யூட்டரில் ஓடவேண்டும், எந்தக் கோப்பைத் திறக்கவேண்டும் என்பது இருக்கும்.

மூன்றாவது பிரிவு, சொத்து விவரம் போன்றது. கணக்கில் வரும் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு பெயர்; அதற்கு எத்தனை இலக்கம் இடம் என்று அளந்து எழுதவேண்டும். ஐந்து முறை 9 என்று போட்டால் ஐந்து இலக்கத்துக்கு இடம் என்று அர்த்தம்.

நான்காவது பிரிவில்தான் வேலை நடக்கும். கூட்டு, கழி, பெருக்கு, வகு, எடுத்து வை, எழுது, நிறுத்து ஆகிய கட்டளைகள் எல்லாம் இங்கே வாக்கியம் வாக்கியமாக வரும்.

மேச்சேரி ஆட்டுச் சந்தைக்கு ஒருவர் 20 ஆடு கொண்டுவந்தார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எழுதவேண்டும். கோபாலில் எழுதுவதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"ஆட்டு எண்ணிக்கையை விலையால் பெருக்கி, வரவில் வை. வரவில் இருந்து சுங்கத்தைக் கழித்து, கைத்தொகையில் வை. கைத்தொகையை எழுது. வேலையை நிறுத்து."

கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திராதவருக்கும் இது புரியும். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டாலும், அடுத்து வருபவர் படித்துத் தெரிந்துகொள்ளலாம். கோபாலின் நீண்ட ஆயுளுக்கு இது ஒரு பெரிய காரணம்.

பைசா பிசகாது

இன்னொரு காரணம், பைசா சுத்தம்.

ஒரு ரூபாயை மூன்று பேருக்குப் பங்கு போடுங்கள். ஆளுக்கு 33 பைசா. ஒரு பைசா மிச்சம். அந்த ஒரு பைசாவைப் பிரித்தாலும் மறுபடி மிச்சம் வரும். மூன்றில் ஒரு பங்கை நம் எண்களில் எழுதினால் முடிவே இல்லாமல் 3, 3, 3 என்று நீண்டுகொண்டே போகும்.

0, 1 என்ற இரண்டே எண்ணை வைத்துக் கணக்குப் போடும் கம்ப்யூட்டருக்கு, ரூபாயில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 பைசா, இப்படித்தான் முடிவில்லாமல் நீளும்! எங்கேயாவது வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டிய இடத்தில் ஒரு துளி நஷ்டம்.

ராக்கெட் விடும் விஞ்ஞானிக்கு அந்தத் துளி பெரிதல்ல. ஒரு நாளில் பல லட்சம் பேருக்கு வரவு செலவு எழுதும் வங்கிக்கு? துளித் துளியாகச் சேர்ந்து கணக்கு உதைக்கும்.

கோபால் அந்த வழியில் போகவில்லை. நாம் காகிதத்தில் எழுதுவதுபோலவே ஒன்று, பத்து, நூறு என்று இலக்கம் இலக்கமாக வைத்துக் கணக்குப் போடவும், புள்ளிக்குப் பின்னால் பைசாவுக்கு இரண்டு இடம் என்று ஒதுக்கவும் அதில் முதலிலேயே வழி செய்தார்கள். 10 பைசா என்றால் 10 பைசாதான்.

ஒரு புள்ளியின் விலை

கோபாலில் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் முற்றுப்புள்ளி வைக்கவேண்டும். அந்தப் புள்ளி இடம் மாறினால் அர்த்தமே மாறிவிடும்.

"20 ஆடு வாங்கினால், விலையில் 500 குறை, வண்டிக் கூலியை விட்டுக்கொடு." இது ஒரு வாக்கியம். 20 ஆடு வாங்கியவருக்குத்தான் இரண்டு சலுகையும்.

"20 ஆடு வாங்கினால், விலையில் 500 குறை. வண்டிக் கூலியை விட்டுக்கொடு." நடுவில் ஒரு புள்ளி வந்துவிட்டது. இப்போது ஓர் ஆடு வாங்கியவருக்கும் வண்டிக் கூலி இனாம்! வியாபாரி தலையில் துண்டு.

இதுபோன்ற பிழையைத் தேடிக் கண் பூத்துப்போனவர்கள் பலர். வளவளவென்று எழுதவேண்டியிருக்கிறது என்ற குறையும் உண்டு. டைக்ஸ்ட்ரா என்ற புகழ்பெற்ற டச்சு விஞ்ஞானி, கோபால் கற்றால் மூளை கெட்டுப்போகும் என்றே 1975-ல் எழுதினார். பண்டிதர்கள் வெறுத்தார்கள், கணக்கு இலாகாக்கள் விடவில்லை.

இந்தியாவுக்கு வந்தது

நம் நாட்டில் வியாபார வேலைக்கு முதன்முதலில் கம்ப்யூட்டர் வைத்தது, பம்பாயில் இருந்த "எஸ்ஸோ" எண்ணெய்க் கம்பெனி. 1961-ம் ஆண்டு. "ஐ.பி.எம். 1401" என்ற எந்திரம்.

கம்ப்யூட்டர் வந்தால் குமாஸ்தா வேலை போய்விடும் என்ற பயமும் கூடவே வந்தது. 1960-களில் ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன் கல்கத்தாவில் கம்ப்யூட்டர் வைக்க முயன்றபோது ஊழியர்கள் எதிர்த்தார்கள். "இலாக்கோ ஹவுஸ்" என்ற கட்டடத்தின் முன்னால் காவல் இருந்து தடுத்தார்கள். அவர்கள் பயம் வீண் பயம் அல்ல. பேரேட்டில் கையால் எழுதும் வேலை பிற்காலத்தில் குறைந்துதான் போயிற்று.

அதே எந்திரம் வேறு வாசலையும் திறந்தது.

1968-ல் "டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ்" தொடங்கியது. சுருக்கமாக டி.சி.எஸ். அதைக் கட்டி வளர்த்தவர் எப்.சி. கோலி என்ற என்ஜினீயர். 1974-ல் அமெரிக்காவின் பரோஸ் கம்பெனி அவர்களிடம் ஒரு வேலை கொடுத்தது. ஆஸ்பத்திரிக் கணக்குக்கான கோபால் தொகுப்பு ஒன்று, பரோசின் ஒரு ரக எந்திரத்துக்காக எழுதப்பட்டிருந்தது. அதை இன்னொரு ரகத்துக்கு மாற்றவேண்டும்.

வேலை வந்தபோது பரோஸ் எந்திரம் கையில் இல்லை. இருந்தது "ஐ.சி.எல். 1903" என்ற வேறு கம்பெனி எந்திரம். அதை வைத்துக்கொண்டே காரியத்தை முடித்தார்கள்!

வெளிநாட்டுக்காகக் கம்ப்யூட்டர் கட்டளை எழுதிக் கொடுக்கும் தொழில், நம் நாட்டில் இப்படித்தான் வேர் விட்டது. வேராக இருந்தது கோபால்.

இரண்டு இலக்கம் செய்த கூத்து

1990-களில் உலகத்துக்கு ஒரு கண்டம் வந்தது.

கம்ப்யூட்டர் பிறந்த காலத்தில், அதற்குள் விஷயங்களை வைக்கும் இடம் மிகக் குறைவு. விலையோ மிக அதிகம். ஐ.பி.எம். 1401 எந்திரத்தில் மிகச் சிறியது, 1,400 எழுத்துக்களைத்தான் நினைவில் வைக்கும். இந்தக் கட்டுரையில் கால் பங்குகூட அதில் அடங்காது. விஷயங்களைத் துளை போட்டு வைக்கும் அட்டையிலும் 80 எழுத்துக்குத்தான் இடம்.

ஆகவே சிக்கனம் பிடித்தார்கள். 1960 என்று எழுதாமல் 60 என்று மட்டும் எழுதினார்கள். 19 என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே!

2000-ம் ஆண்டு பிறந்தால்? எந்திரத்துக்கு அது 00. ஒருவர் 1930-ல் பிறந்தவர். 00-ல் இருந்து 30-ஐக் கழித்தால் வயது என்ன வரும்? அவர் இன்னும் பிறக்கவே இல்லை என்று எந்திரம் சொல்லும்! பிறக்காதவருக்கு ஏது பென்ஷன்?

வங்கி, இன்சூரன்ஸ், மின்சாரம், விமானம் என்று எல்லாத் துறைகளிலும் கவலை. கோடிக்கணக்கான வரிகளைப் படித்து, ஆண்டு வரும் இடம் ஒவ்வொன்றையும் தேடித் திருத்தவேண்டும். அதற்குக் கோபால் தெரிந்தவர்கள் வேண்டும். மேல்நாடுகளில் ஆள் போதவில்லை.

இந்திய இளைஞர்கள் அழைக்கப்பட்டார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் கோபால் வகுப்புகள் நிரம்பின. கல்லூரி முடித்த பிள்ளைகள் தங்களைவிட வயதில் மூத்த கணக்குகளைத் திருத்த உட்கார்ந்தார்கள். டி.சி.எஸ். போன்ற நிறுவனங்கள் இந்தத் திருத்தும் வேலையை ஒரு தொழிற்சாலையைப்போல வரிசை முறையில் நடத்தின.

2000 ஜனவரி 1-ந்தேதி விடிந்தது. பயந்தபடி பெரிய விபரீதம் எதுவும் நடக்கவில்லை. "வீண் புரளி" என்றார்கள் சிலர். பயிருக்குக் காவல் இருந்தவனைப் பார்த்து, "ஆடுதான் மேயவில்லையே, நீ எதற்கு?" என்று கேட்பது போன்ற பேச்சு அது.

அந்த வேலை முடிந்ததும், கோபால் ஒன்றை மட்டுமே கற்றவர்கள் வேறு மொழி கற்கவேண்டியதாயிற்று. ஆனால் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இந்தியர்களின் கைத்திறன்மேல் நம்பிக்கை பிறந்துவிட்டது. அந்த நம்பிக்கை பின்னால் பல வேலைகளைக் கொண்டுவந்தது.

மோகனூர் மாணவர்

மேச்சேரிக்குப் பக்கத்தில் மேட்டூர் அணையைத் தாண்டும் காவிரி, கீழே போய் நாமக்கல் பக்கம் மோகனூரைத் தொடுகிறது. அந்த ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1963-ல் பிறந்தவர் என். சந்திரசேகரன். படித்தது அரசாங்கப் பள்ளியில், தமிழில்.

பிறகு கோவையில் கல்லூரிப் படிப்பு. திருச்சி மண்டல என்ஜினீயரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் பட்டம். 1987-ல் டி.சி.எஸ். நிறுவனத்தில் சேர்ந்தார். 2009-ல் அதன் தலைமை அதிகாரி ஆனார். 2017-ல் "டாட்டா சன்ஸ்" நிறுவனத்துக்கே தலைவர் ஆனார்.

தமிழில் படித்தால் கம்ப்யூட்டர் வராது என்று யாராவது சொன்னால், மோகனூரைக் காட்டலாம். கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பது உண்மை. ஆனால் ஒரு வேலையை அடி அடியாகப் பிரித்துச் சொல்லும் திறமைதான் முக்கியம். அதை எந்த மொழியில் படித்தாலும் பெறலாம்.

கிழவர்மேல் பழி

2020-ல் கொரோனா பரவியது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் வேலை இழந்த லட்சக்கணக்கானவர்கள் உதவித் தொகைக்கு மனுச் செய்தார்கள். கணக்கு அமைப்பு திணறியது. பணம் வரத் தாமதமாயிற்று. வாடகை கொடுக்கவேண்டியவர்கள் தவித்தார்கள்.

அந்த அமைப்பு 40 ஆண்டுகளுக்கு முந்தியது. எழுதப்பட்ட மொழி, கோபால்! "கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள்" என்று கவர்னர் பில் மர்பி வேண்டுகோள் விடுத்தார். ஓய்வு பெற்ற முதியவர்கள் முன்வந்தார்கள்.

"பழைய மொழியால் வந்த வினை" என்று பலரும் பேசினார்கள். மார் ஹிக்ஸ் என்ற வரலாற்று ஆசிரியர் அதை ஏற்கவில்லை. பழைய கோபால் ஒழுங்காக வேலை செய்தது. மனு வாங்குவதற்காக அதன் முன்னால் கட்டிய புதிய வாசல்தான் நெரிசலில் திணறியது என்று எழுதினார். பராமரிக்க ஆள் வைக்காமல் பணத்தை மிச்சம் பிடித்ததைத்தான் அவர் குற்றமாகச் சொன்னார்.

அணை எவ்வளவு பலமாக இருந்தாலும் மதகுக்கு எண்ணெய் போட ஆள் வேண்டும். மேட்டூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு இதை விளக்கத் தேவை இல்லை.

இனி என்ன?

உலகில் 22 ஆயிரம் கோடி வரி கோபால் இன்னும் உபயோகத்தில் இருப்பதாக, 2017-ல் ராய்ட்டர் செய்தி நிறுவனம் வெளியிட்டது. மொழியும் சும்மா இருக்கவில்லை. 1968-ல் முதல் தரநிர்ணயம் வந்தது. 2023-ல் புதிய தரநிர்ணயம் வந்திருக்கிறது.

பழைய கோபாலைப் படித்துப் புது மொழிக்கு மாற்றும் செயற்கை அறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. 2023-ல் ஐ.பி.எம். நிறுவனமே ஒன்றை அறிவித்தது. ஆனால் மாற்றியது சரியா என்று பார்க்க, பழையதும் புரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். ஆயிரக்கணக்கான பேருடைய பென்ஷனை யாரும் குருட்டு நம்பிக்கையில் ஓட்டமாட்டார்கள்.

கற்க விரும்புவோருக்கு வழியும் இருக்கிறது. "நூ கோபால்" என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. 2020-ல் இருந்து இலவசப் பாடங்களும் இணையத்தில் உள்ளன. கல்லூரி மாணவர்கள் இதை மட்டும் நம்பி இருக்கவேண்டாம்; புதிய மொழி ஒன்றோடு சேர்த்துக் கற்றால் நஷ்டம் இல்லை.

கிரேஸ் ஹாப்பர் அம்மையார் 79-வது வயதில் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றார். அப்போது அவர் ரியர் அட்மிரல். 1992 ஜனவரி 1-ந்தேதி காலமானார். அவருடைய "பேரன்" கோபால் மட்டும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்து, இன்றைக்கும் யாரோ ஒருவருடைய சம்பளத்தைப் பைசா பிசகாமல் எழுதிக்கொண்டு இருக்கிறது.